புத்தகம் திறக்கும் மஸ்தூரா

எந்தப் புத்தகமானாலும் மஸ்தூரா அதைப் பின்னாலிருந்துதான் பார்ப்பாள். தாஷ்கந்திலிருந்து புதுக் கட்டு வந்து இறங்கியதும் அட்டையைப் பார்ப்பதில்லை, முன்னுரையைத் தொடுவதில்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், எழுதியவர் எதை வைத்து இதையெல்லாம் சொல்கிறார், யார் சோதித்துப் பார்த்தார்கள், எங்கே என்று ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டுவாள். அங்கே ஒன்றுமில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்காரு மனுசன்" என்று சொல்லி அந்தப் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவாள்.

கீழ்த்தட்டு தரையோடு தரையாக இருக்கிறது. நினைத்த மாத்திரத்தில் பணக்காரனாவது, எதிராளியின் மனதை ஒரே பார்வையில் படிப்பது, பிறந்த தேதியை வைத்து மாப்பிள்ளை தேடுவது எல்லாம் அங்கேதான். விற்கவே மாட்டேன் என்று வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை அவள். கடைக்கு வாடகை யார் கொடுப்பது? ஆனால் வேண்டுமென்பவர் தானே குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். "குனியறப்போ இடுப்பு பிடிச்சா, அந்த நேரத்துலயாவது கொஞ்சம் யோசிப்பாங்க இல்ல?" என்பாள்.

எங்கள் ஊரான கோகந்தில் ஹல்வாக் கடைகள் தொடங்குகிற முனையில் இருக்கிறது அவள் கடை. கதவைத் தள்ளினால் சர்க்கரைப் பாகும் பழைய காகிதமும் கலந்த வாசனை வரும். கண்ணுக்கு நேரே மூன்று அலமாரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சாக்குக்கட்டியால் எழுதியிருக்கிறாள். முதலாவதில் 'உள்ளே'. இரண்டாவதில் 'வெளியே'. மூன்றாவதில் 'யார் சொன்னது?'. மனதைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் உள்ளே. நட்சத்திரம், கிருமி, பூகம்பம், பிள்ளை ஏன் அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் வெளியே. காதில் விழுந்ததை எப்படிச் சலித்துப் பார்ப்பது என்று சொல்லும் புத்தகங்கள் மூன்றாவதில். குறைவாக விற்பது அந்த அலமாரிதான். அவள் அதிகமாகச் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

சிபாரிசு செய்கிற விதமும் தனி. "நல்ல புத்தகம், வாங்கிக்குங்க" என்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "இதுல மூணாவது அத்தியாயம் உளறல், தாண்டிப் போயிடுங்க. மத்தது தங்கம்" என்பாள். "இவரு சொல்றது சரிதான். ஆனா தன்னைப் பத்தி ரொம்பப் பேசுவாரு, பொறுத்துக்கணும்" என்பாள். மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, ஒரு மனோதத்துவப் புத்தகம் வேண்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும் மருமகளிடம், உனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று விசாரிப்பாள். "அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அது நிச்சயம்" என்பாள் அந்தப் பெண். "அப்போ அதிலேர்ந்தே ஆரம்பிப்போம். அது உனக்கு எப்படித் தெரியும்?" முதல் அலமாரிக்கு வந்தவள் மூன்றாவது அலமாரிப் புத்தகத்தோடு வீடு போய்ச் சேருவாள். சிலர் மறுவாரம் சண்டைக்கு வருவதும் உண்டு. வந்தவர்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பாள். சண்டைக்கு வருகிறவர்கள்தான் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் என்பது அவள் எண்ணம்.

வாசலை ஒட்டி ஒரு முக்காலி. அதன்மேல் இருக்கும் புத்தகங்கள் விற்பனைக்கு இல்லை. எல்லாம் அவளே ஒரு காலத்தில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவை. அதில் ஒன்று, மனதைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியது. ஊர் முழுக்க அதை விற்றுத் தீர்த்தாள். பிற்பாடு வேறு நாட்டில் வேறு ஆட்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஒன்றும் தேறவில்லை என்று தெரியவந்தது. மஸ்தூரா அதை வாங்கியவர்களைக் கடைத்தெருவில் வழிமறித்து, "அது தப்பாம்ங்க. நான் ஏமாந்துட்டேன், உங்களையும் ஏமாத்திட்டேன். கொண்டாங்க, வேற தர்றேன்" என்று நச்சரித்தாள். ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அதைப் படித்த பிறகுதான் அவருக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

பக்கத்து ஹல்வாக் கடைக்காரர் எர்காஷ் அவளுடைய நிரந்தர எதிர்க்கட்சி. எதையும் நம்புவார், நம்பியதை உரக்கவும் சொல்வார். எங்கள் ஊரில் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி மறுபடி கெண்டியிலேயே கவிழ்ப்பார்கள். மூன்று முறை அப்படிச் செய்தால்தான் ருசி ஏறும் என்று எர்காஷ் சொல்லப்போக, மஸ்தூரா அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். கவிழ்த்த தேநீர் ஒரு கிண்ணம், கவிழ்க்காதது ஒரு கிண்ணம். எர்காஷ் ரசித்து உறிஞ்சி, தலையை ஆட்டி, தவறான கிண்ணத்தைக் காட்டினார்.

"ராத்திரி தூக்கமில்ல, நாக்கு செத்துப் போச்சு" என்றார்.

"நல்லாத் தூங்கிட்டு நாளைக்கு வா அண்ணே."

மறுநாளும் தப்பாகவே காட்டினார். ஆனாலும் இன்றுவரை மூன்று முறைதான் கவிழ்க்கிறார்.

"கவுத்துக்கோ, யார் வேணாங்கறா? எங்கப்பா கவுத்தாரு, நானும் கவுக்கறேன்னு சொல்லு. ருசிக்குன்னு மட்டும் சொல்லாத" என்கிறாள் மஸ்தூரா.

இந்தக் குணம் அவளுக்குப் புத்தகத்தால் வந்ததில்லை. அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில், சோவியத்தின் கடைசி நாட்களில், தொலைக்காட்சியில் ஒருவர் வந்து வாயைத் திறக்காமல் கையை மட்டும் அசைப்பார். பெட்டிக்கு முன்னால் வைத்த தண்ணீரில் சக்தி ஏறிவிடும் என்று பலரும் ஜாடி ஜாடியாக வைத்துக் காத்திருந்தார்கள். முட்டிவலிக்காக மஸ்தூராவின் அப்பாவும் ஒரு ஜாடி வைத்தார். ஒருநாள் அவள் அந்த ஜாடியை எடுத்துவிட்டு, மாட்டுக்கொட்டகையில் இருந்த தண்ணீரை வைத்துவிட்டாள். அப்பா குடித்தார்; படியிறங்கிப் பார்த்தார்; வலி பறந்துவிட்டது என்றார். உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்பா ஜாடியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ கொட்டகைத் தண்ணியே போதுமே. கரன்ட்டு மிச்சம்" என்றார். அதற்கப்புறம் கடைசிவரை அவர் கொட்டகைத் தண்ணீரைத்தான் குடித்தார். "முட்டிவலி தானா வரும், தானாப் போகும். நடுவுல எதைக் குடிச்சோமோ அதுக்குப் பேரு" என்று சொல்லிச் சிரிப்பாள் மஸ்தூரா. சிரித்து முடித்ததும் அப்பா ஞாபகத்தில் கொஞ்சம் கண் கலங்கும். அதையும் மறைக்கமாட்டாள்.

அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ரொட்டி முகம் கீழாகக் கவிழ்ந்து கிடந்தால் பொறுக்கமாட்டாள்; எங்கள் ஊரில் அது ஆகாது என்பார்கள். எர்காஷ் வேண்டுமென்றே கவிழ்த்து வைப்பார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து நிமிர்த்துவாள்.

"இது நம்பிக்கை இல்ல. ரொட்டிக்கு ஒரு மரியாதை" என்பாள்.

"யார் சொன்னது?" என்று கேட்பார் எர்காஷ், அவள் அலமாரியைக் காட்டி.

போன வியாழக்கிழமை பிற்பகல் கோசிம் வந்தபோதும் எர்காஷ் தன் தேநீரோடு அவள் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். கோசிம், மலைக் கணவாய் வழியாகக் கோகந்துக்கும் தாஷ்கந்துக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஐம்பதை நெருங்கும் வயது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் துணி சுற்றிய ரொட்டி, மறு கையில் பிளாஸ்டிக் பை.

"அக்கா, புத்தகம் திறக்கறது நீங்கதானா?"

"நான்தான். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதுதானே பொழைப்பு. உக்காருங்கண்ணே. என்ன விசயமா வந்தீங்க, உள்ளேயா, வெளியேயா?"

கோசிமுக்கு முகம் வெளுத்தது. "உள்ளதான்க்கா. உள்ள பூந்துடுச்சின்னுதான் சொல்றாங்க."

"யார் சொன்னது?"

"எங்கம்மா."

எர்காஷுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி இருமிச் சிரிப்பது எதற்கென்று மஸ்தூராவுக்குப் புரியவில்லை. கோசிம் ரொட்டியை மேசைமேல் வைத்தான். பையிலிருந்து பூப்போட்ட ஒரு சின்ன பனியனை எடுத்து, அங்கே கிடந்த ஒரு புத்தகத்தின்மேல் பக்குவமாக விரித்தான். அதன் பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

எங்கள் பக்கத்தில் 'புத்தகம் திறப்பது' என்றால் படிப்பது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வீட்டில் யாருக்காவது விடாத நோய் என்றால், ரொட்டியும் நோயாளியின் துணியும் எடுத்துக்கொண்டு குறி பார்க்கிறவரிடம் போவார்கள். அவர் கண்ணை மூடிப் பழம்புத்தகம் ஒன்றைத் திறந்து, விழுந்த பக்கத்தை வைத்து, யார் கண் பட்டது, எந்தக் காற்று பிடித்தது என்று சொல்வார். அதுதான் புத்தகம் திறப்பது. கோசிமின் காரில் வந்த யாரோ ஒருவர், "கோகந்துல ஒரு அக்கா இருக்கு. கஷ்டத்தைச் சொன்னாப் போதும், அதுக்கேத்த புத்தகத்தைத் திறந்து காட்டும்" என்று வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வாழ்க்கை முழுதும் குறி சொல்பவர்களோடு மல்லுக்கட்டியவளிடமே குறி கேட்டு ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். மஸ்தூராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பனியனின் கழுத்தில் கஞ்சிக் கறை இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் தணிந்துவிட்டது.

"யாருக்கு என்ன, சொல்லுங்க" என்றாள்.

மகள் இரோதாவுக்கு ஏழு வயது, வலிப்பு. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வசந்தத்தில் ஒருமுறை வந்ததோடு சரி, அதற்கப்புறம் வரவில்லை. ஆனால் குழந்தை பள்ளியில் தூங்கி விழுகிறாள், பழைய துருதுருப்பு இல்லை. உள்ளே புகுந்ததை விட்டுவிட்டு மாத்திரை பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்கிறாள் கோசிமின் அம்மா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் ஏற்கெனவே புத்தகம் திறந்து பார்த்துவிட்டார். குழந்தையை நாற்பது நாள் அவர் வீட்டில் விட வேண்டும். மாத்திரையை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். விடிந்தால் பயணம்.

"எல்லாம் முடிவாயிடுச்சின்னா இங்க எதுக்குண்ணே வந்தீங்க?"

கோசிம் பிடரியைச் சொறிந்தான். "ஒருத்தர் சொன்னதை மட்டும் வெச்சு எப்படிக்கா? இன்ஜின்ல சத்தம் வந்தாக்கூட ரெண்டு மெக்கானிக்கைக் கேக்கறோம். இது புள்ளை ஆச்சே. இன்னொரு எடத்துலயும் கேட்டுட்டா தேவலைன்னு தோணுச்சு."

மஸ்தூராவின் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குள் வருகிறவர்களிடம் அவள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பதை இந்த மனிதன் தானாகவே சொல்கிறான். இருங்கள், வருகிறேன் என்று எழுந்து அலமாரிகளுக்குப் பின்னால் போனாள். எர்காஷ் பின்னாலேயே வந்தார்.

"சொல்லிடு மஸ்தூரா" என்று கிசுகிசுத்தார். "ஏதாவது ஒரு புத்தகத்தைத் திற. மாத்திரையை விடாதேன்னு விழுந்திருக்குன்னு சொல்லு. முடிஞ்சுது. புள்ளை பொழைச்சுக்கும்."

"பொய் சொல்லச் சொல்றே."

"நல்ல பொய்தானே."

"சொன்னா நம்பிடுவான் அண்ணே, அதான் பயமா இருக்கு. ராத்திரி அவங்கம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னா அதையும் நம்பிடுவான்."

"நான் அந்த ஆள் இல்லைன்னு நீ சொன்னா எழுந்து போயிடுவான். விடிஞ்சா புள்ளை ஆத்துக்கு அந்தப் பக்கம். அப்புறம் உன் நேர்மையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஹல்வாவா பண்ண முடியும்?"

எர்காஷ் இத்தனை வருடத்தில் சொன்னதிலேயே கனமான பேச்சு அதுதான். மஸ்தூரா அலமாரிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு பொய். அதில் ஒரு குழந்தை தப்பித்துவிடும். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கடையில் மறுபடி உட்கார முடியுமா?

பிறகு இரண்டாவது அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை உருவினாள். குழந்தைகளின் மூளை நோய்களைப் பற்றிப் பெற்றோருக்காக டாக்டர்கள் எழுதியது. அதோடு வந்து கோசிமுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன். நான் குறி பாக்கறவ இல்லை. புத்தகம் விக்கறவ. எந்தப் பக்கமும் என் காதுல வந்து எதுவும் சொல்லாது."

கோசிமின் கை பனியனை நோக்கிப் போனது. "அப்போ தப்பான எடத்துக்கு வந்துட்டேனாக்கா?"

"இல்லை. இன்னொரு எடத்துல கேக்கணும்னுதானே வந்தீங்க? கேட்டுட்டுப் போங்க. எழுத்து எது வரும் உங்களுக்கு, பழசா, புதுசா?"

நாட்டில் எழுத்தையே மாற்றிவிட்டதால் அப்பாவுக்கு ஓர் எழுத்தும் பிள்ளைக்கு வேறோர் எழுத்தும் ஓடுகிற ஊர் எங்களுடையது. அவள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் இது.

"பழசுதான். புதுசு, ரோட்டுப் பலகைல இருந்தாப் படிச்சிருவேன்."

மஸ்தூரா வேண்டிய பக்கத்தைத் தேடி எடுத்தாள். நிமிர்ந்தால், கோசிம் பழக்க தோஷத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் திறங்கண்ணே. இதுக்குக் கண்ணு வேணும்" என்று புத்தகத்தை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவன் புத்தகத்தைக் கிட்டே கொண்டுவந்தான், தள்ளிப் பிடித்தான், வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தான். "எழுத்தெல்லாம் எறும்பா ஓடுதுக்கா. நீங்களே படிச்சு என்ன போட்டிருக்குன்னு சொல்லிடுங்க" என்று அவளிடமே தள்ளினான்.

படி, படி என்று எர்காஷ் புருவத்தால் கெஞ்சினார். படித்துச் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் அவள் வாயால் வந்தால் அது மஸ்தூரா அக்கா திறந்து சொன்ன புத்தகமாகத்தான் அவன் வீட்டுக்குப் போகும். அவள் மூக்கின்மேல் இருந்த தன் கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டு நுனியால் துடைத்து, அவன் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கிட்டுப் பாருங்க. நிதானமா."

அந்தப் பெரிய முகத்தில் கண்ணாடி இறுக்கமாக உட்கார்ந்தது. கோசிம் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். "வலிப்பு மாத்திரையை... திடீரென்று... நிறுத்தினால்... முன்பைவிடக் கடுமையாக... வலிப்பு வரக்கூடும்." நிறுத்தினான். அதே வரியை மறுபடி படித்தான். "பிள்ளை... அதிகமாகத் தூங்கினால்... டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ... மருந்தையோ... அவர் மாற்றிக் கொடுப்பார்."

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா, வசந்தத்துல வந்துதுன்னு சொன்னேனே. அண்டிஜான்ல கல்யாணம். மாத்திரையை வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டோம். ரெண்டு நாள் கொடுக்கலை." அவன் பனியனை எடுத்து மடித்தான். "புதுச்சட்டை போட்டிருந்தா, கண்ணு பட்டுருச்சின்னு அம்மா சொன்னா. நாங்களும் ஆமான்னோம். மாத்திரை கொடுக்கலைங்கறது யாருக்கும் தோணவே இல்லையேக்கா."

மஸ்தூரா அவன் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டு மூன்று பேருக்கும் வைத்தாள். எர்காஷ் கெண்டியை எடுக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"எட்டுக்கு. இப்பக் கெளம்பினா வீட்ல இருப்பேன். நானே கொடுத்துடறேன். டாக்டர்கிட்ட நாளைக்குப் போறோம்." சொல்லிவிட்டு எழுந்தவன் தயங்கினான். "அம்மாவை நெனைச்சாத்தான். நான் சொன்னா, எவளோ உனக்கு ஓதிட்டான்னு கத்துவா. இதை அவளே படிச்சாத்தான் அடங்குவா."

"படிப்பாங்களா?"

"பழைய எழுத்து கடகடன்னு படிப்பா. கண்ணுதான் என்னைவிட மோசம்."

கண்ணாடியைக் கழற்றி நன்றியோடு நீட்டினான் கோசிம். அவளுக்குப் பின்னால் தாஷ்கந்திலிருந்து வந்த புதுக் கட்டு, கடைசிப் பக்கங்கள் இன்னும் பார்க்கப்படாமல், பாதி பிரித்தபடி கிடந்தது. மஸ்தூரா கண்ணாடியை வாங்கி, அதன் கம்பிகளை மடக்கி, அந்தப் பக்கத்தின் நடுவிலேயே வைத்தாள். முழுதாக மூட மறுத்த புத்தகத்தை ஓர் அழுத்து அழுத்தி, பனியனோடு சேர்த்து அவன் கையில் கொடுத்தாள்.